கீழ்வீட்டில் ஒரு சரக்குக் கப்பல்

படூரில் நாங்கள் குடிவந்த இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் மாடியில் இருந்த கீழ்வீட்டு அக்கா மேலே வந்து கதவைத் தட்டினார். நாற்பது வயது இருக்கும். நைட்டிமேல் துண்டு போட்டிருந்தார். கையில் ஒரு சொம்பு நிறைய ஆரஞ்சுத் தண்ணீர். எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக் கூரையில் நீர் கசிகிறது என்றார். முந்தின நாள் வந்த பிளம்பர், எங்கள் சமையலறைக் குழாய்தான் காரணம், தரையை உடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். நானும் அதை நம்பி ஹவுஸ் ஓனருக்கு போன் செய்ய இருந்தேன்.

“அவனுக்குத் தெரியாது. சும்மா சொல்ட்டுப் போறான்,” என்றார் அக்கா. “கேசரிப் பவுடர் கலக்கிக்கினு வந்துகீறேன். ஒரு நாளைக்கு ஒரு எடத்துல ஊத்தலாம். எதுல ஊத்துனா என் வூட்டுல ஆரஞ்சா வருதோ, அதான்.”

நான்கு நாள் ஊற்றினோம். சமையலறை, குளியலறை, கழிவறை, கடைசியாக வாஷிங் மெஷின் வைத்திருந்த பால்கனி. அன்று மாலை ஆபீஸ் விட்டு வந்ததும் என்னைக் கீழே அழைத்துப்போய்க் காட்டினார். கசிவு பால்கனிச் சுவரோடு நகர்ந்து ஹால் கூரைக்கு வந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு வட்டம். அதைப் பார்த்து அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. வட்டத்துக்கு நேர் கீழே, மேஜைமேல், பிளாஸ்டிக் விரிப்பால் மூடிய நீளமான ஏதோ ஒன்று இருந்தது. விரிப்பை எடுத்தார். ஒரு கப்பல்.

அதுவரை நான் பார்த்த பொம்மைக் கப்பல்கள் மாமல்லபுரம் கடைகளில் சோழி ஒட்டி விற்பவைதான். இது வேறு. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். அடியில் துருச்சிவப்பு, மேலே கறுப்பு. சரக்கறை மூடிகள் ஐந்து, அவற்றுக்கு இடையில் நான்கு கிரேன்கள். பின்பக்கம் ஐந்து மாடி வெள்ளைக் கட்டடம், அதற்கும் பின்னால் மஞ்சள் புகைபோக்கி. ஓரத்துக் கைப்பிடிக் கம்பிகள் முடி போல மெல்லியவை, ஒன்றுகூடக் கோணவில்லை. ஆனால் தளத்தில் அங்கங்கே ஒன்றுமே இல்லாத வெறும் திட்டுகள் இருந்தன. பெயின்ட்கூட இல்லை.

இன்னும் முடியவில்லையா என்று கேட்டேன்.

“அங்க இன்னா கீதுன்னு தெரியாது. தெரிஞ்சப்பறம்தான் வைப்பேன்.”

அந்தப் பதில்தான் அக்கா. அதற்குப் பிறகு நான்கு வருடம் அவரோடு பழகினேன். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருவது இந்த ஒரு குணம்தான். தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒருபோதும் செய்ய மாட்டார், சொல்லவும் மாட்டார்.

கேளம்பாக்கத்தில், பல் செட்டும் கேப்பும் செய்து டாக்டர்களுக்குக் கொடுக்கும் ஒரு லேபில் வேலை பார்த்தார். கப்பலுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கழித்துப் போட்டவற்றிலிருந்தே வந்தது. பல்லுக்குக் க்ளிப் போடும் கம்பிதான் கைப்பிடிக் கம்பி. பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூல்தான் கப்பலைக் கரையில் கட்டும் கயிறு. உயிர்காப்புப் படகை, பல் செட்டுக்கு ஈறு செய்யும் பொடியில் வார்த்திருந்தார். ஆரஞ்சு பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் அது ரோஸ் நிறத்தில், யாரோ கழற்றி வைத்த பல் செட் மாதிரி இருந்ததைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அவரும் சிரித்தார். ஆனால் கையை நிறுத்தவில்லை.

அவருடைய கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், சரக்குக் கப்பல்களில் ஃபிட்டர். எட்டு ஒன்பது மாதம் கடலில் இருப்பார், மூன்று மாதம் வீட்டில். இருவருக்கும் புதுப்பட்டினம்தான் சொந்த ஊர். இரண்டு குடும்பத்திலும் பெரியவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கடலோரத்தில் பிறந்தும் அக்கா ஒரு படகில்கூட ஏறியதில்லை. கல்யாணமான புதிதில் கணவர் போன் செய்து என்ஜின் ரூமில் இருக்கிறேன், டெக்கில் இருக்கிறேன் என்று சொல்வாராம். அக்காவுக்கு அது என்ன இடம் என்றே மனதில் வராது. ஆள் எங்கே நிற்கிறார், எங்கே படுக்கிறார் என்று கண்முன் தெரியாவிட்டால் சோறு இறங்கவில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அப்படித்தான் முதல் கப்பலைச் செய்தார், வெறும் பிளாஸ்டரில். லீவில் வந்த கணவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் என் ரூம் எங்கே என்று கேட்டாராம். அடுத்த கப்பலில் ஏறியதும், நடைபாதைச் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்து அனுப்பினார். அக்கா அதை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு, ஒட்டி, ஸ்கேல் வைத்து அளந்தார். அவர் எந்தக் கப்பலுக்குப் போகிறாரோ அந்தக் கப்பல், இருநூறில் ஒரு பங்காக. நான் பார்த்தது நான்காவது.

வரைபடத்தில் எல்லாம் இருக்காது. ஏணிக்கு எத்தனை படி, கதவு எந்தப் பக்கம் திறக்கும், வாளியை எங்கே மாட்டுவார்கள், இதையெல்லாம் அக்கா வாட்ஸாப்பில் கேட்பார். கப்பல் கரைப் பக்கம் வரும்போது பதில் வரும். சில கேள்விக்கு மூன்று வாரம்கூட ஆகும். கணவர் போய் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். ஒரு குழாய் என்ன நிறம் என்பதற்காக அக்கா ஒரு மாதம் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஏதாவது ஒன்றை அடியுங்களேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று என் கணவர் கேட்டார். தனக்குத் தெரியுமே என்று மட்டும் அக்கா சொன்னார்.

இந்தக் குணத்தால் அவரோடு வெளியே போவது கொஞ்சம் பேஜார்தான். கேளம்பாக்கம் ஜங்ஷனில் யாராவது வழி கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி அடுத்த ஆளிடம் அனுப்பிவிடுவார். இந்தப் புடவை எனக்கு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் உண்மையிலேயே யோசிப்பார்.

ஈ.சி.ஆரில் இருந்த ஒரு ரிசார்ட்டுக்காரர் எப்படியோ கேள்விப்பட்டு வந்தார். வரவேற்பறையில் வைக்கப் பல்லவர் காலத்துக் கப்பல் ஒன்று வேண்டும் என்றார். அக்கா உடனே மறுக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு மாமல்லபுரம் போனார். வெயிலில் சிற்பம் சிற்பமாகப் பார்த்தோம். யானை இருந்தது, குரங்கு இருந்தது, பால் கறக்கிறவர் இருந்தார். எங்கள் கண்ணுக்கு ஒரு கப்பலும் அகப்படவில்லை. அங்கிருந்த கைடு ஒருவரிடம் கேட்டார், நூலகத்தில் கேட்டார். பாய் இருந்திருக்கும், துடுப்பு இருந்திருக்கும் என்றார்கள். எத்தனை துடுப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. ரிசார்ட்டுக்காரர் மறுபடி வந்தபோது, இஷ்டத்துக்கு ஒன்று செய்யுங்கள், வருகிறவர்களில் யாருக்குத் தெரியும் என்றார். கரையில் நிற்கிற ஃபைபர் படகு வேண்டுமானால் அப்படியே செய்து தருகிறேன் என்றார் அக்கா. வந்தவர் முகம் சுருங்கக் கிளம்பிப் போய்விட்டார், அப்புறம் வரவேயில்லை.

எனக்கும் அந்தக் குணம் ஒருமுறை சுட்டது. செங்கல்பட்டில் இருந்த என் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். வந்த சொந்தக்காரர் எல்லாரும் ஒன்றும் ஆகாது, பயப்படாதே என்றார்கள். சொல்லிவிட்டு அவரவர் பஸ்ஸைப் பிடித்தார்கள். அக்கா பிளாஸ்க்கில் கஞ்சியோடு இரண்டு பஸ் மாறி வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா பிழைத்துவிடுவார் இல்லையா என்று கேட்டேன்.

“தெரியலமா,” என்றார். “டாக்டருக்கே தெரியல. எனக்கு எப்டித் தெரியும்? ஆனா நான் இங்கதான் கீறேன்.”

அந்த நேரத்தில் இப்படியா பேசுவது என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் மூன்று நாள் லேபுக்கு லீவு போட்டுவிட்டு அந்த வராந்தா பெஞ்சில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு இதைச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, அந்தப் பொண்ணு சொன்னா நம்பலாம், அதான் பயமா இருக்கு என்றார்.

கப்பல் விஷயம் அதற்கு அடுத்த வருடம். கணவர் லீவு முடிந்து அதே கப்பலுக்கே மறுபடி போய்ப் பத்து மாதம் தாண்டியிருந்தது. காண்ட்ராக்டை நீட்டித்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தார். வீட்டுச் செலவுக்கு வழக்கம்போல அனுப்பிக்கொண்டிருந்தார், போனும் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினார். புகைபோக்கி ஏணிக்கு எத்தனை படி என்று கேட்டிருக்கிறார். ஒரே நிமிடத்தில் பன்னிரண்டு என்று பதில்.

பதில்தான் வந்துவிட்டதே என்றேன்.

“எண்ணாம சொல்றாரு. பதினஞ்சு வருசமா எண்ணாம ஒண்ணுகூட சொன்னதில்ல.”

பிறகு இன்னொரு படத்தைக் காட்டினார். துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களைப் படமெடுத்து இணையத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் அதே கப்பல், முந்தின மாதம் எடுத்தது. புகைபோக்கி நீலமாக இருந்தது. கம்பெனி கைமாறியிருந்தது போல. அதைப் பார்த்த பிறகு அக்கா கணவரிடம், புகைபோக்கி இப்போது என்ன நிறம் என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். மஞ்சள்தான், ஏன் கேட்கிறாய் என்று வந்திருந்தது.

அவர் அந்தக் கப்பலில் இல்லை. அது எனக்கும் புரிந்துவிட்டது. அப்போது என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. வேறு எங்கேயாவது ஒரு வீடு வைத்திருப்பாரோ, ஆம்பளைங்க மனசு யாருக்குத் தெரியும் என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “உனக்குத் தெரியுமா?”

“இல்லக்கா, சும்மா…”

“தெரியலன்னா சும்மா இரு.”

போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் சனிக்கிழமை காலை வந்து, மண்ணடிப் பக்கம் ஏஜென்ட் ஆபீஸ் வரைக்கும் கூட வருகிறாயா என்று கேட்டார். போனோம். கம்ப்யூட்டரைப் பார்த்த பையன் முதலில் ஒன்றும் சொல்லத் தயங்கினான். பிறகு, சார் இறங்கி ஏழு மாசம் ஆகுதே, உங்களுக்குத் தெரியாதா என்றான். கயிறு சுற்றும் விஞ்சைப் பழுது பார்க்கும்போது இடது கை பற்சக்கரத்தில் சிக்கியிருக்கிறது. மூன்று விரல் போய்விட்டது. ஏதோ ஒரு துறைமுகத்தில் வைத்தியம் பார்த்து மும்பைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இனி கப்பலுக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். ஊருக்கு டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்றதற்கு அவர்தான் வேண்டாம் என்றாராம்.

அக்கா அழவில்லை. எந்தக் கை, எந்த விரல்கள் என்று கேட்டார். பையனுக்குக் கை மட்டும்தான் தெரிந்தது. மும்பையில் அவர் தங்கியிருந்த விடுதியின் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார். வெளியே வந்து டீக்கடை வாசலில் நின்றபடி அந்த நம்பருக்குப் பேசினார். ஆள் அங்கேதான் இருந்தார். பகலில் கப்பல் சாமான் விற்கும் ஒரு கடையில் வேலை.

அவருக்கே போன் போட்டுப் பேசுங்களேன் என்றேன்.

“போன்ல கேட்டா இன்னொரு பொய் சொல்லுவாரு. இன்னும் எத்தினி பொய்தான் சொல்லுவாரு பாவம்? நேர்ல போய்க் கூட்டிக்கினு வந்துடறேன்.”

தனியாகவே ரயிலேறினார். அதற்கு முன் அவர் போன அதிக தூரம் வேளாங்கண்ணிதான் என்று நினைக்கிறேன். ஒரு வாரத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டு, இடது கைமேல் துண்டு சுற்றியிருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே வாட்ச்மேன், என்ன சார் கையில என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். மிஷின்ல மாட்டிக்கிச்சு, மூணு விரல் போச்சு, இனிமே கப்பலுக்குப் போக மாட்டாரு. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு படியேறினார். அப்போது அக்காவைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அண்ணன் வாசல் தாண்டவில்லை. நான் போனால் உள்ளறைக்குப் போய்விடுவார். அக்கா லேபுக்குப் போவார், வருவார், சமைப்பார், மேஜைமுன் உட்காருவார். கப்பலில் வெறுமையாக விட்ட இடங்கள் இன்னும் இருந்தன. அவற்றில் ஒன்று முன்பக்கம், நங்கூரச் சங்கிலிக்குப் பின்னால். அங்கே என்ன இருக்கும் என்று எனக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது. அதை எப்போது கேட்பார், கேட்கவே கூடாது என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் குழம்பு கொடுக்கப் போனேன். அக்கா ஒரு துண்டு மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளறையைப் பார்த்துக் கேட்டார்.

“இந்த விஞ்சு எந்தப் பக்கம் பாத்துக்கினு கீது?”

அக்கா மறுபடி கேட்கவில்லை. மெழுகை விளக்கில் காட்டி இளக்கி, ஒரு உருளை செய்து, அந்த இடத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்து கதவருகில் நின்றார். பிறகு கிட்டே வந்தார்.

“அப்டி இல்ல. சக்கரம் அந்தாண்ட பக்கம்,” என்றார்.

அக்கா நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அண்ணன் உட்கார்ந்தார். எதிரே நான் இருப்பதையே மறந்துவிட்டார் போல. தான் நின்றது எங்கே, லீவரைப் பிடித்திருந்த பையன் எங்கே நின்றான், காற்றில் தான் கத்தியது அவனுக்கு எப்படித் தவறாகக் கேட்டது என்று மெதுவாகச் சொன்னார். அக்கா ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சக்கரம் எவ்வளவு பெரிசு, மூடி இருந்ததா, எந்தப் பக்கம் சுற்றியது என்று மட்டும் கேட்டார். எத்தனை பல் என்று கேட்டபோது அண்ணன் உடனே நாற்பத்தொன்று என்றார். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு தினமும் எண்ணினேன் என்றார். அதைச் சொல்லும்போதுதான் உடைந்தார். சத்தமில்லாமல் அழுதார். துண்டு நழுவிக் கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்கவில்லை. அக்கா மெழுகைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு பல்லாகச் செதுக்கிக்கொண்டிருந்தார். நான் பாத்திரத்தை வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அந்த வாரமே அண்ணன் கீழே இறங்கினார் என்று சொன்னால் கதைபோல இருக்கும். மூன்று வாரம் ஆனது. அடுக்குமாடியின் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய், மெக்கானிக் வராமல் எல்லாரும் குடத்தோடு நின்ற ஒரு காலையில், அவராகவே வந்து ஸ்பானரைக் கேட்டார். வலது கையாலும் இடது கையில் மீதியிருந்த இரண்டு விரலாலும் அதைப் பிரித்துப்போட்டார். குழந்தைகள் எல்லாம் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் மறைக்கவில்லை. ஒரு சின்னப் பெண் கேட்டதற்கு, சக்கரத்தில் மாட்டிக்கொண்டது, நாற்பத்தொரு பல் என்று விளக்கமாகவே சொன்னார்.

ஆறு மாதம் கழித்துப் புதுப்பட்டினத்துக்கே போய்விட்டார்கள். மீன்பிடிப் படகுகளின் என்ஜின் பழுது பார்க்க அண்ணன் ஒரு ஷெட் போட்டார். அக்காவுக்குச் செங்கல்பட்டில் வேறு லேபில் வேலை கிடைத்தது. சாமான் ஏற்றிய அன்று கப்பலைப் போர்வை சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். புகைபோக்கி மஞ்சளாகவே இருந்தது. நீலத்துக்கு மாற்றவில்லையா என்று கேட்டேன். அவர் இருந்த வரைக்கும் மஞ்சள்தான் என்றார்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது ஷெட்டைத் தேடிப் போனேன். அக்கா வேலையிலிருந்து வர நேரமாகும் என்றார் அண்ணன். டீ வாங்கிவரச் செய்தார். என்ஜின் மூடியைத் துடைத்துக்கொண்டே, “நீ என்னைப் பத்தி இன்னா சொன்னேன்னு அக்கா சொல்லிச்சு,” என்றார். அக்கா பொய்தான் சொல்ல மாட்டார், இதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். அண்ணன் சிரித்தார். வேற வீடா, எனக்கா, ஒரு வீட்டுல கேக்கற கேள்விக்கே பதில் சொல்லி முடியல என்றார்.

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில்தான், நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். மும்பையில் அக்கா உங்களைத் திட்டினாரா, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டாரா?

இல்லை என்றார். கடை வாசலில் வந்து நின்று, பையை எடுத்துக்கொண்டு வா, ரயிலுக்கு நேரமாகிறது என்றுதான் சொன்னாராம். ரயிலில் ஒரு பகல் முழுவதும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டு வந்தாராம், ஜன்னல் வழியாகப் பருத்திக் காடு பார்த்தாராம். மறுநாள் காலை ரேணிகுண்டா தாண்டியதும், துண்டுக்குள் கையைவிட்டு அண்ணனின் இடது கையை வெளியே எடுத்து, மடிமேல் வைத்து, நன்றாகப் பார்த்தாராம்.

“வலிக்குதான்னு கேட்டுச்சு. இல்லன்னேன். ஒண்ணும் சொல்லாம என் மூஞ்சியப் பாத்துக்கினே இருந்துச்சு.” அண்ணன் துடைப்பதை நிறுத்தினார். “அப்பால வலிக்குதுன்னேன். சரின்னுட்டு, அரக்கோணம் வர்ற வரைக்கும் கைய விடவே இல்ல.”